ஏ. ஈ. குணசிங்கா: ஒரு தொழிலாளர் தலைவரின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1923ஆம் ஆண்டிலே கொழும்பு நகரின் புகையிரதத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் பொறியியல் நிறுவனத் தொழிலாளரும் ஏறத்தாழ 20,000 பேர் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தபோது, அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஏ. ஈ. குணசிங்கா. அவர்களுட் சிங்களவர் இருந்தனர், தமிழர் இருந்தனர், முஸ்லிம்களும் மலையாளிகளும் இருந்தனர். பத்து ஆண்டுகள் கழிந்தன. 1933ஆம் ஆண்டிலே வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களின் இடத்திற்குச் சிங்களத் தொழிலாளரைத் திரட்டிக் கொடுத்தவரும் அதே குணசிங்காவே. அப்பொழுது அவர் அரசாங்க சபையில் மத்திய கொழும்பின் உறுப்பினர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் நடந்தது என்ன என்பது ஒரு தனிமனிதனின் வரலாறு பற்றிய கேள்வி மாத்திரமன்று. இலங்கையின் தொழிலாள வர்க்கம் இனத்தின் வழியே பிளவுண்டமைக்கான காரணங்களைத் தேடுவோர் இக்கேள்வியைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது.

குணசிங்காவின் மாற்றத்தைப் பதவியாசை என்ற ஒரே சொல்லால் விளக்குவோர் உளர். பதவியாசை அவரிடம் இருக்கவில்லை என எவரும் கூறார். எனினும் அது அக்காலத்து அரசியல்வாதிகள் அனைவருக்கும் பொதுவான குணம். பொதுவான ஒன்றைக் கொண்டு சிறப்பான ஒன்றை விளக்கிவிட முடியாது. தொழிற்சங்கத்தின் அமைப்பு, முதலாளிமாரோடு செய்துகொண்ட உடன்படிக்கை, புதிதாகக் கிடைத்த வாக்குரிமை, உலகப் பொருளாதார மந்தம் ஆகிய நான்கும் ஒருசேர அவரை எவ்வாறு உந்தின என்பதை நோக்குவதே பொருத்தமாகும்.

அலெக்சாண்டர் ஏக்கநாயக்க குணசிங்கா 1891ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி கண்டியிலே பிறந்தார். மே தினத்தில் பிறந்தமை தற்செயலே. ஆயினும் பிற்காலத்தில் அவருடைய ஆதரவாளர் அதனை ஒரு நன்னிமித்தமாகக் கொண்டாடியிருந்தால் வியப்பில்லை. அவர் செல்வந்தக் குடும்பத்தினர் அல்லர். இலங்கைத் தேசிய காங்கிரசை நடத்திய வழக்கறிஞர்களும் தோட்டச் சொந்தக்காரரும் எந்த வட்டத்திற் பழகினரோ அந்த வட்டத்திற்கு அவர் புறம்பானவர். பௌத்த மறுமலர்ச்சியும் மதுவிலக்கு இயக்கமும் அநகாரிக தர்மபாலாவின் பேச்சும் எழுத்தும் அவருடைய இளமைக்கால அரசியலுக்கு ஊற்றுக்களாயின. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது பிரித்தானிய அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்துச் சிங்களத் தலைவர்கள் பலரைச் சிறையிலிட்டது. அவர்களுள் குணசிங்காவும் ஒருவர். அவ்வாண்டிலேயே அவரும் நண்பர்களும் சேர்ந்து இளம் இலங்கைக் கழகத்தை அமைத்தனர். காங்கிரசின் மூத்த தலைவர்கள் மகஜர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இவ்விளைஞர் சுயராச்சியம் பற்றிப் பேசினர். காந்தியின் வழியை உற்று நோக்கினர்.

இக்கழகத்தாரின் முதற் பெரும் போராட்டம் தலைவரிக்கு எதிரானது. வீதி அமைப்பதற்கெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கொண்டுவரப்பட்ட சட்டத்தின்படி, உடல்வலியுள்ள ஆண்கள் ஆண்டுதோறும் சில நாட்கள் வீதியில் வேலை செய்தல் வேண்டும். அன்றேல் அதற்கு ஈடாகப் பணம் கட்டுதல் வேண்டும். கோடீசுவரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே தொகை. விக்டர் கொறயா இவ்வரியைக் கட்ட மறுத்துச் சிறை சென்று கல் உடைத்தார். ஒரு வழக்கறிஞர் கல் உடைத்த காட்சி கொழும்புத் தொழிலாளரின் மனத்திற் பதிந்தது. வரி நீக்கப்பட்டது. கனவான்களின் மகஜர்கள் சாதிக்காததை நேரடி நடவடிக்கை சாதித்தது என்ற பாடத்தை அதிலிருந்து பெற்றுக்கொண்ட குணசிங்கா, 1922ஆம் ஆண்டிலே கொறயாவோடு சேர்ந்து இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார்.

கொழும்பிலே அதற்கு முன்னர் வேலைநிறுத்தங்கள் நடைபெறாமலில்லை. 1893இல் அச்சுத் தொழிலாளரும், 1896இல் சலவைத் தொழிலாளரும், 1906இல் வண்டிக்காரரும், 1912இல் புகையிரதத் தொழிலாளரும் வேலையை நிறுத்தினர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தையும் 1920இல் தொழிலாளர் சம்மேளனத்தையும் தோற்றுவித்து, தோட்டத் தொழிலாளரைப் பிணித்திருந்த தண்டனைச் சட்டங்களுக்கு எதிராகக் குரல் எழுப்பினார். ஆயினும் அருணாசலத்தின் முயற்சி மேலிருந்து கீழ்நோக்கி நீண்ட ஒரு கருணைக் கரமாகவே அமைந்தது. தொழிலாளி அங்கே உதவி பெறுபவன். குணசிங்காவின் சங்கத்திலே அவன் உறுப்பினன், சந்தா செலுத்துபவன், கூட்டத்திலே கைதட்டுபவன், வேண்டியபோது கல்லெறிபவனுங்கூட. கொழும்புத் தொழிலாளி முதன்முதலாகத் தன் கண்முன்னே ஒரு தலைவனைக் கண்டது குணசிங்காவிடத்திலேயே என்பதில் ஐயமில்லை. அவருடைய பிற்காலச் செயல்களைக் கடிந்துரைப்போர் இதனை மறைத்தல் நேர்மையாகாது.

1923ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. எனினும் சங்கம் அழியவில்லை. 1927ஆம் ஆண்டிலே துறைமுகத் தொழிலாளர் ஏறக்குறைய 13,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இம்முறை கூலி உயர்வு கிடைத்தது. நிலக்கரி சுமந்தோரும் கப்பலிலிருந்து மூட்டை இறக்கியோரும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களை விடுத்துத் துறைமுகத்திலே வேலைநிறுத்தம் என்பது நினைத்தும் பார்க்க முடியாதது. இக்காலத்திலே குணசிங்காவின் துணைவராக நின்றவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்த இப்பத்திரிகையாளர் தொழிலாளர் சங்கத்தின் உபதலைவராக இருந்து, தமிழ்த் தொழிலாளரிடையே அதன் குரலாக விளங்கினார். கண்டிச் சிங்களவர் ஒருவரும் தஞ்சாவூர்ப் பிராமணர் ஒருவரும் ஒரே மேடையில் நின்று துறைமுகத் தொழிலாளரிடம் பேசிய காலம் அது. நீண்டகாலம் நிலைக்காவிடினும், அவ்வாறு ஒரு காலம் இருந்தது என்பது பதிவு செய்யப்பட வேண்டியதே.

இங்கே ஒரு சிறு நிகழ்ச்சியையுங் குறிப்பிடலாம். 1926ஆம் ஆண்டுக் கொழும்பு மாநகரசபைத் தேர்தலிலே மருதானை வட்டாரத்திற் குணசிங்கா போட்டியிட்டார். ஒக்ஸ்போர்ட்டிலிருந்து அண்மையில் திரும்பியிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அவரைத் தோற்கடித்தார். சொத்தும் வருமானமும் உடையோர்க்கே வாக்கு என்ற நிலையில், தொழிலாளரின் தலைவர் தொழிலாளர் நிறைந்த வட்டாரத்திலேயே தோற்றார். தம்மைப் பின்பற்றியோரின் கையில் வாக்குச் சீட்டு இல்லை என்பதை அத்தேர்தல் அவருக்கு உணர்த்தியது எனலாம்.

1927ஆம் ஆண்டு நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அப்பொழுது நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதத்தினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். தேசிய காங்கிரஸ் வாக்குரிமையைச் சற்று விரிவாக்கினாற் போதும் என்றது; எழுத்தறிவில்லாதோர் கையில் வாக்கைக் கொடுப்பது ஆபத்து எனப் பலர் வாதித்தனர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையை முற்றாக எதிர்த்தார். ஆண் பெண் இருபாலார்க்கும் சொத்துத் தகைமையோ கல்வித் தகைமையோ இன்றி வாக்குரிமை வழங்கப்படல் வேண்டும் எனத் தெளிவாகக் கோரியது தொழிலாளர் சங்கமே. ஆணைக்குழுவில் இருந்த தொழிற்கட்சியினரான டிரம்மண்ட் ஷீல்சுக்கு இக்கோரிக்கை உவப்பாயிருந்தது. 1928இல் வெளிவந்த அறிக்கை சர்வசன வாக்குரிமையைச் சிபார்சு செய்தது. சட்டநிரூபண சபை 1929ஆம் ஆண்டு இறுதியிலே 19க்கு 17 என்ற வாக்குகளால், அதாவது இரண்டே வாக்கு வித்தியாசத்தில், டொனமூர்த் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆசியாவின் குடியேற்ற நாடுகளுள் சர்வசன வாக்குரிமையை முதலிற் பெற்ற நாடு இலங்கை என்று பெருமை பேசுவோர் பலர் உளர். அப்பெருமையிற் கனவான்களுக்குரிய பங்கு மிகச் சிறிது. குணசிங்காவுக்கும் பெயர் தெரியாத அவரது துறைமுகத் தோழர்களுக்கும் உரிய பங்கு பெரிது.

குணசிங்கா தமது புகழின் உச்சியில் நின்றதும் இக்காலத்திலேயே. 1928இல் இலங்கைத் தொழிற்கட்சி தோன்றியது. அகில இலங்கைத் தொழிற்சங்கக் காங்கிரசும் அமைக்கப்பட்டது. அவ்வாண்டிலே இலண்டனில் நடைபெற்ற பொதுநலவாயத் தொழிற்கட்சி மகாநாட்டுக்கு அவர் சென்று வந்தார். பிரித்தானியத் தொழிற்சங்கத் தலைவர்கள் முதலாளிமாரோடு ஒரே மேசையில் அமர்ந்து பேரம் பேசுவதை அவர் அங்கு கண்டார். வீதியில் மோதுவதைவிட மேசையில் வெல்வது மேல் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது.

நாடு திரும்பிய சில மாதங்களிலேயே வீதி மீண்டும் அவரை அழைத்தது. கொழும்பின் டிராம் வண்டிச் சேவையை நடத்திவந்த பவுஸ்டட் சகோதரர் நிறுவனத்தின் தொழிலாளர் 1929ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வேலையை நிறுத்தினர். நிறுவனத்தார் வண்டிகளை ஓட்ட முயன்றபோது மக்கள் மறித்தனர். பெப்ரவரி 5ஆந் திகதி மருதானைப் பொலிஸ் நிலையம் சனக்கூட்டத்தாற் சூழப்பட்டது; பொலிசார் சுட்டனர்; ஐவர் உயிரிழந்தனர்; மிகப் பலர் காயமுற்றனர். கொழும்பு வர்த்தகச் சமூகம் அஞ்சியது. அவ்வச்சத்திலிருந்தே முதலாளிமார் சம்மேளனம் பிறந்தது. அதே ஆண்டின் நடுப்பகுதியில் அச்சம்மேளனமும் குணசிங்காவின் தொழிற்சங்கக் காங்கிரசும் ஒரு கூட்டு உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன.

இவ்வுடன்படிக்கையே இவ்வரலாற்றின் திருப்புமையம். முதலாளிமார் தொழிற்சங்கத்தை அங்கீகரித்தனர். கைம்மாறாகச் சங்கம், ஏழு நாள் முன்னறிவித்தல் இன்றி வேலைநிறுத்தம் செய்வதில்லை என ஒப்புக்கொண்டது. மேலோட்டமாக நோக்கும்போது இது பெரு வெற்றியே. நேற்றுவரை கலகக்காரன் என ஒதுக்கப்பட்டவனைப் பெரும் ஆங்கிலக் கம்பனிகள் சமமாக நடத்தின. ஆனால் கொழும்புத் தொழிலாளியின் கையிலிருந்த ஆயுதம் திடீர் வேலைநிறுத்தம் ஒன்றே. அவன் பெரும்பாலும் நாட்கூலி. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் இரண்டு மூன்று நாட்களிலே அவன் வேலையை நிறுத்தினால்தான் முதலாளிக்கு நட்டம். ஏழு நாள் காத்திருந்தால் கப்பல் போய்விடும். பிரித்தானியாவிலே நிலையான வேலையும் நிறைந்த சங்க நிதியும் உடைய தொழிலாளிக்குப் பொருந்திய முறையை, சேமிப்பென ஒரு சதமும் இல்லாத கொழும்புக் கூலியின் மேற் சுமத்தியதே அங்கு நேர்ந்த பிழை. இன்னொரு விளைவும் உண்டு. உடன்படிக்கையை மீறும் தொழிலாளியைக் கட்டுப்படுத்துவது இப்பொழுது தலைவரின் கடமையாயிற்று. முதலாளியை நோக்கி நின்ற தலைவர் மெல்லமெல்லத் தொழிலாளியை நோக்கித் திரும்பி நின்றார்.

இந்நிலையிலேதான் உலகப் பொருளாதார மந்தம் வந்து சேர்ந்தது. தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்கள் ஆகிய மூன்றின் விலைகளும் வீழ்ந்தன. துறைமுகத்திலே வேலை சுருங்கியது. கூலி குறைக்கப்பட்டது, ஆட்கள் நிறுத்தப்பட்டனர். கூலிக் குறைப்பை உடன்படிக்கை தடுக்கவில்லை. சங்க அங்கத்தவர் தொகை வீழ்ந்தது. வேலையிழந்த சிங்களத் தொழிலாளி தன் தலைவரிடம் வந்து ஏன் என்று கேட்டான். அதற்குக் குணசிங்கா அளிக்கக்கூடிய விடைகள் இரண்டு. ஒன்று, ஏற்றுமதி விலையிலே தொங்கிக்கொண்டிருக்கும் குடியேற்றப் பொருளாதாரத்தைக் காரணமாகக் காட்டுவது. அது கடினமான விடை. அதனைச் சொல்பவர் தாம் கையொப்பமிட்ட உடன்படிக்கையையும் கிழித்தெறிய வேண்டியிருக்கும். மற்றையது, பக்கத்தில் நின்று வேலை செய்யும் மலையாளியைச் சுட்டிக் காட்டுவது. குணசிங்கா இரண்டாவதைத் தேர்ந்தார்.

கொழும்பிலிருந்த மலையாளிகள் பெரும்பாலும் குடும்பத்தைக் கேரளத்தில் விட்டுவந்த தனி ஆடவர். துறைமுகம், புகையிரதப் பகுதி, ஆலைகள், கள்ளுத் தவறணைகள், பணக்காரரின் சமையலறைகள் எங்கும் அவர்கள் காணப்பட்டனர். கொச்சியார் என ஏளனமாக அழைக்கப்பட்டனர். குறைந்த கூலிக்கு உழைப்பவர், சம்பாதித்ததை ஊருக்கு அனுப்புபவர், சிங்களப் பெண்களைக் கெடுப்பவர் என்றெல்லாம் அவர்கள் மேற் குற்றம் சாட்டப்பட்டது. குணசிங்காவின் ‘வீரயா’ என்ற சிங்களப் பத்திரிகை முப்பதுகளில் இப்பிரசாரத்தின் முதன்மைக் கருவியாயிற்று. வந்தேறியை வெளியேற்று என்ற குரல் அவருக்குப் புதியதும் அன்று. தர்மபாலாவின் எழுத்துக்களிலே வளர்ந்தவர் அவர். இருபதுகளிலே தொழிற்சங்கத்தின் தேவை அக்குரலை அடக்கி வைத்திருந்தது. முப்பதுகளிலே அத்தேவை நீங்கியதும் அது மேலெழுந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

தேவை நீங்கியமைக்கு வாக்குரிமையும் ஒரு காரணம் என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை. துறைமுகத்தை நிறுத்துவதற்கு அங்கு வேலை செய்யும் ஒவ்வொரு கையும் வேண்டும். கை எந்த இனத்தது என்பது பொருட்டன்று. அரசாங்க சபைத் தேர்தலில் வெல்வதற்கு வேண்டியது வாக்கு. நிரந்தர வதிவை நிறுவ முடியாத இந்தியத் தொழிலாளிக்கு வாக்கில்லை. ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்த மலையாளியோ வாக்காளர் இடாப்பைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. 1923ஆம் ஆண்டின் சங்கத் தலைவருக்கு மலையாளி இன்றியமையாதவன். 1931ஆம் ஆண்டின் அரசாங்க சபை உறுப்பினருக்கு அவனாற் பயனில்லை. தொழிலாளியை மனிதனாக மதிக்கச் செய்வதற்கெனக் குணசிங்கா போராடிப் பெற்ற அதே வாக்குரிமை, அவருடைய சங்கத்தை வாக்குள்ளோர், வாக்கில்லாதோர் என இரண்டாகப் பிளந்தது. மத்திய கொழும்புத் தொகுதி சிங்களவர் மாத்திரம் வாழ்ந்த தொகுதியன்று என்பது உண்மையே. அங்கு முஸ்லிம்களும் இலங்கைத் தமிழரும் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். அதனாற் போலும் அவருடைய இனவாதம் அவர்களை விடுத்து, வாக்கற்ற மலையாளியின் மீதே தன் கூர்மையைச் செலுத்தியது.

நடேசய்யர் இப்போக்கோடு ஒத்துப்போக முடியாமல் விலகினார். அவர் மலைநாட்டுக்குச் சென்று 1931இல் ஹற்றனை மையமாகக் கொண்டு அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவரும் மனைவி மீனாட்சியம்மையும் பாட்டாலும் துண்டுப் பிரசுரத்தாலும் தோட்டங்களிலே செய்த பணி தனிக் கட்டுரைக்கு உரியது. நகரத் தொழிலாளரையும் தோட்டத் தொழிலாளரையும் இணைத்திருக்கக்கூடிய பாலம் அப்பிரிவோடு இடிந்தது. அது மீண்டும் முழுமையாகக் கட்டப்படவேயில்லை.

1931இல் மத்திய கொழும்பின் உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்ற குணசிங்கா அங்கு சாதித்தவை எவை? தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலும் தொழிற்சங்கச் சட்டம் 1935இலும் நிறைவேறின. இவை எந்த ஒருவரின் கைவண்ணமும் அல்ல. எனினும் தொழிலாளரின் சார்பிற் பேசும் ஒரு குரல் சபையில் ஒலித்துக்கொண்டிருந்தமை இவற்றுக்கு உதவியது என்பதை மறுக்க முடியாது. தொழில், கைத்தொழில், வர்த்தகம் ஆகியவற்றுக்கான நிருவாகக் குழுவின் முதலாவது மந்திரியாக வந்தவர் இந்திய வம்சாவளியினரான பெரி. சுந்தரம். அருணாசலத்தின் தொழிலாளர் கழகங்களிலே ஒருகாற் பணிபுரிந்தவர் அவர்.

வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தம் 1933ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெடித்தது. கூலிக் குறைப்பை எதிர்த்து ஏறத்தாழ 1,400 தொழிலாளர் வெளியேறினர். அவர்களுட் பெரும் பகுதியினர் மலையாளிகள் உட்பட்ட இந்தியத் தொழிலாளர். தம்மைக் கேளாமலும் உரிய முன்னறிவித்தல் கொடாமலும் செய்யப்பட்ட வேலைநிறுத்தம் எனக் குணசிங்கா அதனை ஆதரிக்க மறுத்தார். தொழிலாளர் வேறு தலைமையைத் தேடினர். மேனாட்டிற் கல்வி கற்று, மார்க்சியம் பயின்று, அண்மையில் நாடு திரும்பியிருந்த இளைஞர் சிலர் தென் கொழும்பு வாலிபர் கழகத்தில் இயங்கிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா புதிய ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். குணசிங்கா அத்துடன் ஒதுங்கியிருந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. வேலைநிறுத்தத்தை இந்தியரின் சதியென வருணித்து, சிங்களத் தொழிலாளரை ஆலைக்குள் அனுப்பி அதனை முறியடிக்க முற்பட்டார். பத்தாண்டுகளுக்கு முன்னர் கருங்காலிகளை எதிர்த்துக் கொழும்பு வீதிகளில் முழங்கியவரின் செயல் இது.

அவ்வேலைநிறுத்தம் குறிப்பிடத்தக்க வெற்றி எதனையும் ஈட்டவில்லை. ஆயினும் அதிலே குணசிங்கா இழந்தது பெரிது. கொழும்புத் தொழிலாளருக்குத் தாமே ஏக தலைவர் என்ற நிலை அன்றோடு முடிவுற்றது. 1935ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கை சமசமாசக் கட்சி அமைக்கப்பட்டது. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் பிலிப் குணவர்த்தனாவும் என். எம். பெரேராவும் அரசாங்க சபைக்குள் நுழைந்தனர். குணசிங்காவும் தமது தொகுதியை மீண்டும் வென்றார். ஆனால் தொழிலாளர் பெயராற் பேசும் தனியுரிமை இனி அவருக்கு இல்லை. அவருடைய ஆதரவாளர் கொழும்பிலே இடதுசாரிகளின் கூட்டங்களைக் குழப்பினர். வாதத்தில் தோற்றவர் தடியை நாடினார் என்பதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்வதற்கு எதுவுமில்லை.

அவர் மூட்டிய தீ அவருடைய கையை விட்டும் நீங்கியது. தொழிற்சங்க மேடையிற் பிறந்த இந்திய எதிர்ப்பை முப்பதுகளின் பிற்பகுதியில் மந்திரிமார் அரசாங்கக் கொள்கையாக்கினர். 1939இல் அரசாங்கப் பகுதிகளிலே நாட்கூலிக்கு வேலைபார்த்த இந்தியரை நீக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு யூலையில் ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்து பேசியும் பயன் கிட்டவில்லை. நேருவின் வருகையோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. ஓகஸ்ட் மாதத்திலே இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடை செய்தது. தொழிலாளர் இனி இனத்தின் பெயராலேயே திரண்டனர். இந்தியத் தொழிலாளரை வெளியேற்றினாற் சிங்களத் தொழிலாளியின் கூலி உயரும் என்று சொல்லப்பட்டது. மலையாளிகள் படிப்படியாகக் கொழும்பை விட்டு நீங்கினர். கூலியை உயர்த்தியது அவர்களின் நீக்கமன்று. யுத்தகாலத் தேவையும் அதன் பின் இடதுசாரிச் சங்கங்கள் நடத்திய போராட்டங்களுமே.

குணசிங்கா பதவியில் மேலும் உயர்ந்தார். 1940ஆம் ஆண்டிலே கொழும்பு நகரின் மேயரானார். 1926இல் மருதானையில் தோற்றவருக்கு இது பெரும் நிறைவை அளித்திருக்கும். ஆனால் 1946ஆம் ஆண்டிலும் 1947ஆம் ஆண்டிலும் கொழும்பை உலுக்கிய பொது வேலைநிறுத்தங்களிலே அவருடைய சங்கத்திற்குத் தலைமையிடம் இருக்கவில்லை. கால் நூற்றாண்டுக்கு முன் அவர் திறந்துவைத்த வீதியிலே வேறு கொடிகள் சென்றன. 1947ஆம் ஆண்டு பொதுத் தேர்தலில், மூன்று அங்கத்தவரைத் தெரிவு செய்யும் மத்திய கொழும்புத் தொகுதியிலிருந்து ரீ. பி. ஜாயா, பீற்றர் கெனமன் ஆகியோருடன் அவரும் பாராளுமன்றம் சென்றார். தொழிற்கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது அந்த ஓர் ஆசனமே. அவர் டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்தோடு சேர்ந்து இலாகா இல்லாத மந்திரியாகவும் அமர்ந்தார். தொழிலாளர் துறைக்குக்கூட அவர் பொறுப்பாக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கனவான்களின் காங்கிரசை எதிர்த்து அரசியலுக்கு வந்தவருக்கு அக்கனவான்களே இறுதியில் இருக்கை அளித்தனர்.

மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டத்தை 1948ஆம் ஆண்டிலே நிறைவேற்றியதும், அடுத்த ஆண்டில் அவர்களின் வாக்குரிமையைப் பறித்ததும் இதே அரசாங்கமே. சர்வசன வாக்குரிமையை டொனமூர் ஆணைக்குழுவின் முன் வற்புறுத்தியவர் அந்த அரசாங்கத்தின் வரிசையில் இருந்தார்.

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மத்திய கொழும்பு அவரைக் கைவிட்டது. இருபத்தோர் ஆண்டுகள் அத்தொகுதியைத் தொடர்ந்து பிரதிநிதித்துவம் செய்தவர் தோல்வியுற, 1947இல் அவரோடு தெரிவான கம்யூனிஸ்டுக் கட்சியின் கெனமன் ஆசனத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அதன் பின்னர் குணசிங்கா பர்மாவிலும் இந்தோனேசியாவிலும் இலங்கையின் இராசதந்திரப் பிரதிநிதியாகக் கடமையாற்றினார். உள்நாட்டு அரசியலில் மீண்டும் தலையெடுக்கவில்லை. 1967ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி காலமானார். கொழும்புக் கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் அண்மையிலே, நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் தொழில் தேடி வருவோர் பேருந்திலிருந்து இறங்கும் பகுதி, அவருடைய பெயரால் குணசிங்கபுர என வழங்கலாயிற்று.